சேஸிஸ் ஓரிடம், பாடி ஓரிடம்: கூறுமுறை வடிவமைப்பும் அதற்கேற்ற குழுக்களும்

(திருவண்ணாமலையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பல நூறு உறுப்புகள் சேர்ந்து இயங்கும் ஓர் உற்பத்திப் பொருளைச் சில பெரும் பகுதிகளாக வகுத்து, ஒரு பகுதியை மாற்றும்போது மற்றப் பகுதிகளைத் தொட வேண்டிய தேவை இயன்றவரை எழாதவாறு அமைப்பதைக் கூறுமுறை வடிவமைப்பு என்பர். அவ்வாறு வகுக்கப்பட்ட ஒவ்வொரு பகுதியும் கூறு எனப்படும்; தொழிலகங்களில் மாட்யூல் என்று வழங்குவது இதுவே. இரண்டு கூறுகள் சந்திக்கும் எல்லையில் எவ்வளவு அகலம், எத்தனை துளை, எவ்வளவு எடை, எத்தனை வோல்ட் என்றெல்லாம் முன்கூட்டியே செய்துகொள்ளப்படும் உடன்பாடு இவ்வுரையில் இணைப்பிடம் என்று குறிக்கப்படுகிறது. இவற்றை வரைபடப் பலகையோடு முடிந்துவிடும் பொறியியல் செய்திகளாகக் கருதுவதே பெருவழக்கு. ஆயினும் எந்தப் பொறியாளர் யாருடன் அமர்ந்து வேலை செய்கிறார், யாருடைய கையெழுத்து இல்லாமல் எந்த அளவை மாற்ற முடியாது என்னும் நிர்வாக ஏற்பாடுகள் பொருளின் வடிவத்தை அதே அளவுக்கு முடிவு செய்கின்றன. கூறுகளை யார் செய்வது என்பதற்கு எளிதில் விடை காணும் நிறுவனங்கள், இணைப்பிடத்துக்கு யார் பொறுப்பு என்ற வினாவை விடையின்றி விட்டுவிடுவதால் நேரும் விளைவுகளே இவ்வுரையின் பொருள்.

இதற்கான சான்றைத் தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்காகவும் கார்த்திகைத் தீபத்துக்காகவும் திருவண்ணாமலைக்கு வந்து சேரும் சிறப்புப் பேருந்துகளில் பெரும்பாலானவை, அரசுக் கழகத்தின் வண்டியாயினும் தனியார் வண்டியாயினும், ஒரே ஆலையில் முழுமையாகச் செய்யப்பட்டவை அல்ல. எஞ்சின், கியர் பெட்டி, அச்சுகள், பட்டைச் சுருள்கள், சக்கரங்கள் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டமாகிய சேஸிஸை ஓர் ஆலை செய்து தருகிறது. அதன்மேல் தரை, தூண்கள், கூரை, இருக்கை, சன்னல், கதவு ஆகியவற்றை எழுப்பும் பாடி கட்டும் வேலை வேறோரிடத்தில், வேறொரு முதலாளியின் பட்டறையில் நடைபெறுகிறது. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி 1955-இல் பெயர் மாறிய அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலையிலிருந்தோ பிற ஆலைகளிலிருந்தோ புறப்படும் வெற்றுச் சேஸிஸ், கூரையும் கதவும் இல்லாமல், தற்காலிக இருக்கையில் தலைக்குத் துணி கட்டி அமர்ந்த ஓட்டுநரோடு நெடுஞ்சாலையில், பாடி கட்டும் பட்டறைகள் உள்ள கரூர் நோக்கிச் செல்லும் காட்சி தமிழ்நாட்டுச் சாலைகளில் புதிதன்று. ஒரு பேருந்து இரண்டு நிறுவனங்களாகப் பிரிந்து கிடப்பதை அதனினும் தெளிவாகக் காட்டக்கூடிய படம் இல்லை.

இரு தரப்பாரும் ஒருவரையொருவர் நேரில் சந்திக்காமலே இவ்வேலை நடைபெறுவதற்குக் காரணம் இணைப்பிடத்தின் எளிமை. முன்பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம், பின்னச்சுக்கு அப்பால் பாடி எவ்வளவு நீளலாம், ஒவ்வோர் அச்சும் தாங்கக்கூடிய எடை, சட்டத்தின் நீள உத்திரங்களில் எங்கே யு-போல்ட் கொண்டு பிணைக்கலாம், எங்கே துளையிடவோ வெல்டிங் செய்யவோ கூடாது என்பன போன்ற சில செய்திகள் பட்டறைக்குத் தெரிந்தால் போதும். எஞ்சினுக்குள் எத்தனை வால்வு என்பது பட்டறைக்கு வேண்டாத செய்தி. இருக்கைக்கு என்ன நிற ரெக்சின் போர்த்தப்பட்டது என்பது ஆலைக்கு வேண்டாத செய்தி. கணினி நிரல்களைப் பகுதிகளாகப் பிரிப்பது குறித்து டேவிட் பார்னஸ் 1972-இல் எழுதிய கட்டுரை, மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வைத்து, மாறாதவற்றை மட்டும் எல்லையில் வெளிக்காட்ட வேண்டும் என்னும் கொள்கையை முன்வைத்தது. தகவல் மறைப்பு என்று அழைக்கப்படும் அக்கொள்கையைக் கரூர்ப் பட்டறைகள் எந்தக் கட்டுரையையும் படிக்காமலே கடைப்பிடித்து வந்துள்ளன.

இப்பிரிவினால் விளைந்த நன்மை பெரிது. மலைப்பாதையில் ஓடும் வண்டிக்குக் குறுகிய பாடி, நெல் மூட்டையும் வாழைத்தாரும் ஏறும் வழித்தடத்துக்கு உறுதியான கூரைச் சட்டம், இரவுப் பயணத்துக்குச் சாய்வு இருக்கை என்று ஒவ்வொரு வண்டி உரிமையாளரும் கேட்பதற்கு ஏற்ப, எண்ணூரில் ஒரு வரைபடமும் மாறாமலே, கரூரில் எல்லாவற்றையும் மாற்ற முடிந்தது. அதே சேஸிஸ் நாமக்கல்லில் லாரியாகவும் டேங்கராகவும் உருப்பெற்றது. திருச்செங்கோட்டிலோ ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியாகி, அவ்வூர்க்காரர்களோடு இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்றது. சேஸிஸ் ஆலை ஒன்றே இத்தனை வகைகளையும் தன் கூரையின்கீழ் வடிவமைக்க முற்பட்டிருந்தால் அதன் வடிவமைப்புப் பிரிவு பன்மடங்கு பெருத்திருக்கும். அப்போதும் ரிக் வண்டியின் தேவையைத் திருச்செங்கோட்டுப் பட்டறை அறிந்த அளவுக்கு அது அறிந்திருக்க வாய்ப்பில்லை.

கூறுகளாகப் பிரிப்பது ஏன் ஆற்றலைப் பெருக்குகிறது என்பதற்குப் பொருளியலறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1962-இல் தந்த விளக்கம் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. ஆயிரம் உறுப்புகள் கொண்ட கைக்கடிகாரம் செய்யும் இருவரை அவர் கற்பனை செய்தார். ஒருவர் ஆயிரத்தையும் தொடர்ந்து கோக்கிறார். இடையில் யாராவது அழைத்து வேலையை நிறுத்த நேர்ந்தால், கோத்தவை எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. மற்றவர் பத்துப் பத்து உறுப்புகளாகச் சேர்த்து, தாமே நிலைத்து நிற்கும் சிறு தொகுதிகளாக ஆக்கிக்கொண்டு, அவற்றிலிருந்து பெரிய தொகுதிகளை உருவாக்குவதால், தடை நேரும்போது இழப்பது கடைசித் தொகுதியை மட்டுமே. முன்னவர் நொடித்துப்போகிறார், பின்னவர் தழைக்கிறார். இக்கதையில் சைமன் சொல்லாமல் விட்ட ஒரு செய்தி உண்டு. பின்னவர் தனி மனிதர். எந்தப் பத்து உறுப்புகள் ஒரு தொகுதி ஆகலாம் என்பதை முடிவு செய்தவரும் அவரே, தொகுதிகள் பொருந்தாவிடில் திருத்துபவரும் அவரே. ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் அந்த முடிவு யாருடையது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பேருந்தின் தரை உயரம் அச்சிக்கலை விளக்கப் போதுமானது. எஞ்சின் முன்புறம் இருக்க, நேரான சட்டம் அச்சுகளுக்கு மேலாக ஓட, அதன்மேல் பலகை பாவப்படும் வண்டியின் தரை, சாலையிலிருந்து ஏறக்குறைய 900 மில்லிமீட்டருக்குக் குறைந்து அமைவது அரிது. முதியோரும் கைக்குழந்தை ஏந்திய தாய்மாரும் கைப்பிடியைப் பற்றி உடலை மேலிழுத்து ஏற வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலியில் வருவோர் ஏறவே இயலாது. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-இல் வெளியிட்ட நகரப் பேருந்து விதிக்குறிப்புகள் 400, 650, 900 மில்லிமீட்டர் என்னும் தரை உயரங்களைக் குறிப்பிட்டன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறியது. பின்னர்த் தாழ்தளப் பேருந்துகளை வாங்குவது தொடர்பான வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நெடுங்காலம் நடைபெற்று, 2024-இல் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் வழித்தடங்களில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின.

இத்தாமதத்துக்குப் பணமும் சாலை நிலையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன; அவை பொய்யல்ல. எனினும் வடிவமைப்பு நோக்கில் பார்த்தால் அவற்றினும் ஆழமான காரணம் ஒன்று தென்படும். தரையைத் தாழ்த்த வேண்டுமாயின் எஞ்சினைப் பின்னால் கொண்டுபோக வேண்டும், சட்டத்தை நடுவில் இறக்கி வளைக்க வேண்டும், அச்சின் அமைப்பை மாற்ற வேண்டும், பட்டைச் சுருளுக்குப் பதிலாகக் காற்றுத் தாங்கிகள் பொருத்த வேண்டும். இவையெல்லாம் சேஸிஸ் ஆலையின் கையில் உள்ளவை. கதவின் இடம், சாய்தளப் பலகை, சக்கர நாற்காலிக்கான இடம், இருக்கை வரிசை ஆகியவை பாடி கட்டுபவரின் கையில் உள்ளவை. கரூரில் எவ்வளவு திறமை குவிந்திருந்தாலும் அங்கிருந்து தாழ்தளப் பேருந்து தானாகப் பிறக்க முடியாது. எண்ணூரில் எவ்வளவு ஆராய்ச்சி நடந்தாலும் பயணி ஏறும் படியைப் பற்றிய முறையீடு அங்கே போய்ச் சேர வழியில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கூறைச் செம்மையாகச் செய்தனர். படிக்கட்டு மட்டும் இருவருக்கும் இடையில் விழுந்தது. நீதிமன்றம் வந்து முழு வண்டிக்கும் ஒரு பொறுப்பாளரைத் தேட வேண்டியதாயிற்று என்று கூறின் அது மிகையாகாது.

இந்நிலையைப் பொதுவிதியாகச் சொன்னவர் மெல்வின் கான்வே என்னும் அமெரிக்கக் கணினியாளர். 1968-இல் டேட்டாமேஷன் இதழில் வெளியான அவரது கட்டுரையின் சாரம், எந்த நிறுவனமும் தன் உட்குழுக்களின் தொடர்பு அமைப்பையே நகலெடுத்தது போன்ற பொருளைத்தான் வடிவமைக்கும் என்பதாகும். உயர்நிலை நிரல்மொழியை எந்திர மொழிக்கு மாற்றும் நிரல், தொகுப்பி எனப்படும். கோபால் மொழிக்கான தொகுப்பியை எழுத ஐவரும் அல்கால் மொழிக்கான தொகுப்பியை எழுத மூவரும் அமர்த்தப்பட்டபோது, முன்னது ஐந்து கட்டங்களாகவும் பின்னது மூன்று கட்டங்களாகவும் வேலை செய்யும்படி அமைந்தன என்று அவர் குறிப்பிட்டார். கட்டங்களின் எண்ணிக்கையை மொழியின் இயல்பு முடிவு செய்திருக்க வேண்டும். முடிவு செய்ததோ ஆட்களின் எண்ணிக்கை. பிரெடெரிக் புரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட நூலில் இதைக் கான்வே விதி என்று அழைத்த பின்னர் அது பரவலாக அறியப்பட்டது.

கான்வே விதியை எச்சரிக்கையாகப் படிப்போரும் உண்டு, கருவியாகப் படிப்போரும் உண்டு. குழுக்களின் உருவம் பொருளில் பதியும் என்பது உறுதியாயின், வேண்டிய பொருளின் உருவத்தை முதலில் வரைந்துகொண்டு, அவ்வுருவத்துக்கு ஏற்பக் குழுக்களை அமைத்துவிடலாமே என்பது பின்னவரின் வாதம். ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்த சிஸ்டம்/360 கணினி வரிசை இவ்வாறு பிறந்தது. அதற்கு முன்பு அந்நிறுவனத்தின் ஒவ்வொரு பிரிவும் ஒன்றோடொன்று பொருந்தாத தனித்தனிக் கணினிகளைச் செய்துவந்தது; ஒரு கணினிக்கு எழுதிய நிரல் அடுத்த கணினியில் ஓடாது. பல பிரிவுகளின் மூத்த பொறியாளர்கள் அடங்கிய குழு ஒன்று 1961-இன் இறுதியில் தந்த அறிக்கை, சிறிய கணினி முதல் பெரிய கணினி வரை எல்லாவற்றுக்கும் பொதுவான கட்டளைத் தொகுப்பையும் பொதுவான இணைப்பிடங்களையும் வகுத்தது. அதன் பின்னரே வெவ்வேறு நகரங்களிலும் நாடுகளிலும் இருந்த குழுக்களுக்கு வேலை பிரித்துத் தரப்பட்டது. கார்லிஸ் பால்ட்வினும் கிம் கிளார்க்கும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதனை விரிவாக ஆராய்ந்து, எல்லாக் குழுக்களும் கட்டுப்பட வேண்டிய பொது முடிவுகளை வடிவமைப்பு விதிகள் என்றும், ஒரு குழுவுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கலாம் எனத்தக்கவற்றை மறைவுச் செய்திகள் என்றும் பிரித்தனர். வேலைப் பிரிவினைக்கு முன்னே விதி வர வேண்டும் என்னும் வரிசைமுறை இங்கே கவனிக்கத்தக்கது. பல நிறுவனங்களில் இது தலைகீழாக நடைபெறுகிறது; இருக்கும் துறைகளுக்கு இருக்கும் ஆட்களைக் கொண்டு வேலையைப் பங்கிட்ட பின்னர், பங்கீட்டின் எல்லைகளே இணைப்பிடங்கள் என்று பெயர் பெறுகின்றன.

விதி முன்னே வந்து, வேலை செய்தவர்கள் தலைமுறை கடந்து மாறியும் பொருள் சிதையாமல் நின்றதற்கு இவ்வூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு இராசகோபுரம், 217 அடி உயரமும் பதினொரு நிலைகளும் கொண்டது. 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கப்பெற்று, தஞ்சை செவ்வப்ப நாயக்கரால் நிறைவு செய்யப்பெற்றதாக அறியப்படுகிறது. அடிப்பகுதி கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும், அவற்றின்மேல் சுதை உருவங்கள் என்னும் அமைப்பில் கல்தச்சர், கொத்தர், சுதை வேலைக்காரர் ஆகிய மூன்று தொழிலாளர் கூட்டத்தார் வெவ்வேறு காலங்களில் வேலை செய்துள்ளனர். அதிட்டானம், கால், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி என்னும் ஆறு உறுப்புகளையும் அவற்றுக்கிடையிலான விகிதங்களையும் சிற்ப நூல்கள் வகுத்திருந்தமையால், தொடங்கிய அரசும் முடித்த அரசும் வேறாயிருந்தும் மேலே எழுந்தது கீழே நின்றதோடு பொருந்தியது. இக்கோயிலின் வடக்குக் கோபுரம், பொருள் திரட்டிக் கட்டி முடித்த அம்மணி அம்மாள் என்னும் பெண் துறவியின் பெயரால் இன்றும் வழங்குகிறது. கிழக்குக் கோபுரத்துக்கும் அதற்கும் இடையே கால இடைவெளி இருந்தும் உறுப்புகளின் ஒழுங்கு மாறவில்லை.

ஆனால் பழங்கோயிலுக்குள் இன்றைய மேலாண்மைக் கோட்பாடு அனைத்தையும் தேடிப் பிடித்து மகிழும் வழக்கம் பெருகியுள்ள காலத்தில் இவ்வொப்பீட்டின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கோபுரத்தின் மூன்றாம் நிலையைக் கழற்றி வேறொன்றைப் பொருத்த முடியாது. ஒவ்வொரு நிலையும் மேலுள்ளவற்றின் பாரத்தைச் சுமப்பது. எனவே அது மாற்றத்தக்க கூறுகளால் ஆன பொருள் அன்று. அதில் பொதுமையாக நின்றது அளவு விதி ஒன்றே. மேலும், வரைபடம் முழுவதையும் மனத்தில் கொண்டு எல்லாத் தொழிலாளர் கூட்டத்தாருக்கும் மேலே நின்ற தபதி என்னும் தலைமைச் சிற்பி, விதி எழுதப்பட்டிருந்த போதிலும் தேவைப்பட்டார் என்பதை மறக்கலாகாது.

அவ்வாறு மேலே நிற்பவர் இல்லாத இடத்தில், நெடுங்காலம் நன்கு வேலை செய்த கூறுப் பிரிவே ஒரு கட்டத்தில் தடையாக மாறிவிடும். ரெபெக்கா ஹெண்டர்சனும் கிம் கிளார்க்கும் 1990-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைக் கட்டமைப்புப் புதுமை என்னும் கருத்தால் விளக்கியது. உறுப்புகள் பெரிதும் மாறாமல், உறுப்புகள் ஒன்றோடொன்று தொடர்புறும் முறை மட்டும் மாறும் புதுமை அது. வெளித்தோற்றத்தில் சிறிய மாற்றமாகத் தெரியும் இது, அனுபவம் மிக்க நிறுவனங்களையே வீழ்த்துகிறது. ஏனெனில் அவற்றின் துறைகள், படிவங்கள், பேசிப் பழகிய வழிகள் அனைத்தும் பழைய தொடர்பு முறைக்கு ஏற்பவே உறைந்துபோயிருக்கும்.

சென்னைப் பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று ஜவஹர்லால் நேருவால் தொடங்கிவைக்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் அண்மைக்கால வரலாறு இக்கருத்துக்கு நல்ல உரைகல். ரயிலில் இழுக்கும் எஞ்சின் ஒரு கூறு, இழுக்கப்படும் பெட்டி மற்றொரு கூறு. இரண்டுக்கும் இடையே கொக்கி, பிரேக் காற்றுக் குழாய், மின்வடம் ஆகியவையே இணைப்பிடம். மின்சார எஞ்சின் சித்தரஞ்சனில் பிறக்கலாம், பெட்டி பெரம்பூரில் பிறக்கலாம். இரண்டும் எந்த நிலையத்திலும் சேரும், பிரியும். ரயில்வே நிர்வாகமும் இவ்வெல்லையை ஒட்டியே வகுக்கப்பட்டிருந்தது: பெட்டியின் பராமரிப்பு மெக்கானிக்கல் துறையின்பாற்பட்டது, மின்சார எஞ்சின் எலக்ட்ரிக்கல் துறையின்பாற்பட்டது. பொருளின் எல்லையும் துறையின் எல்லையும் ஒன்றாயிருந்தவரை இதில் குறை சொல்வதற்கு ஏதுமில்லை.

2018 அக்டோபர் 29 அன்று பெரம்பூரிலிருந்து வெளிவந்த டிரெயின் 18, அவ்வெல்லையை அழித்தது. பின்னர் வந்தே பாரத் எனப் பெயர் பெற்று 2019 பிப்ரவரி 15 அன்று புதுதில்லிக்கும் வாரணாசிக்கும் இடையே தொடங்கப்பட்ட இவ்வண்டியில் தனி எஞ்சின் இல்லை. பதினாறு பெட்டிகளும் நான்கு நான்காகச் சேர்ந்த நான்கு அடிப்படைத் தொகுதிகள். ஒன்றுவிட்டு ஒரு பெட்டியின் அடியில் இழுவை மோட்டார்கள். மோட்டாரின் எடை, பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டமாகிய போகியின் வடிவத்தை மாற்றுகிறது. போகியின் அதிர்வு மோட்டாரின் பிணைப்பை மாற்றுகிறது. மோட்டார் வழியாக நிகழும் மின்பிரேக் காற்றுப் பிரேக்கின் கணக்கை மாற்றுகிறது. கதவு மூடாமல் வண்டி புறப்படக் கூடாது என்பதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. புறநகர் மின் ரயில்களில் இத்தகைய கலப்பு முன்பே இருந்தது எனினும், 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டிய நெடுந்தூர வண்டிக்கு அது புதிது. தொழிற்சாலையின் அப்போதைய பொதுமேலாளர் சுதான்சு மணியின் தலைமையில், இழுவை மின்கருவிகளைத் தந்த ஹைதராபாத் மேதா நிறுவனத்தின் பொறியாளர்களோடு சேர்ந்து, ஏறத்தாழ 18 மாதங்களில் வண்டி உருவானது. துறைகள் ஒன்றிணைந்து ஒரே குழுவாகச் செயல்பட்டது இதற்கு இன்றியமையாத காரணம் என்பது அவ்வண்டி குறித்த எழுத்துகளில் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்பட்டுள்ளது.

இந்திய ரயில்வேயின் துறைப் பிளவு குறித்து 1994-இல் பிரகாஷ் டாண்டன் குழுவும் 2015-இல் பிபேக் தேப்ராய் குழுவும் உட்படப் பல குழுக்கள் குறைகூறியிருந்தன. 2019 டிசம்பர் 24 அன்று மத்திய அமைச்சரவை எட்டுப் பணித்தொகுதிகளை ஒன்றாக்க ஒப்புதல் தந்தது. தொழில்நுட்ப அறிவு நீர்த்துப்போகும் என்ற கவலை எழுந்த பின்னர், 2024-இல் பொறியியல் தேர்வு வழியான ஆள்சேர்ப்புக்கு மீண்டும் இடம் தரப்பட்டது. இவ்வூசலாட்டத்தில் இரு தரப்பு வாதத்திலும் உண்மை உண்டு. ஆழ்ந்த துறையறிவு துறைக்குள்தான் வளரும். அதை எல்லாம் கலந்து ஒரே குளமாக்கிவிட்டால் மோட்டாரைப் பற்றி முழுமையாக அறிந்தவர் ஒருவரும் எஞ்சமாட்டார். தவறு துறைகள் இருப்பதில் இல்லை. துறைகளின் எல்லை எக்காலத்துக்கும் பொருளின் எல்லையாகவே இருக்க வேண்டும் என்று கொள்வதில் உள்ளது.

பேருந்திலும் ரயிலிலும் வரலாற்றுப் போக்கில் தானே அமைந்த கூறுகளைக் கண்டபின், திட்டமிட்டு வகுக்கப்பட்ட கூறுகளையும் காண்பது தகும். பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, நான்காம் நிலையிலிருந்து ஐந்தைத் தாண்டி நேரே ஆறாம் நிலைக்குச் செல்ல வேண்டிய நெருக்கடி எல்லா லாரி நிறுவனங்களுக்கும் ஏற்பட்டது. அசோக் லேலண்ட் அவ்வாண்டு ஜூன் மாதம் அவ்தார் என்னும் கூறுமுறை லாரித் தளத்தை அறிமுகப்படுத்தியது. கேபின், அச்சு அமைப்பு, சரக்கு ஏற்றும் நீளம், சுருள் அமைப்பு, எஞ்சின்-கியர் தொகுதி ஆகியவற்றை வாங்குபவரின் தேவைக்கேற்பச் சேர்த்து, 18.5 டன் முதல் 55 டன் வரையான வண்டிகளை ஒரே தளத்திலிருந்து தருவது அதன் நோக்கம். சுவீடனின் ஸ்கானியா நிறுவனம் இம்முறையைப் பல பத்தாண்டுகளாகக் கடைப்பிடித்து உலகுக்கு முன்மாதிரியாக விளங்குவது லாரித் தொழிலில் உள்ளோர் அறிந்தது.

இதன் கணக்கு எளிது. மூன்று வகைக் கேபின், நான்கு வகை எஞ்சின், ஐந்து வகை அச்சு அமைப்பு என்று பன்னிரண்டு கூறுகளை வடிவமைத்தால், எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தும் நிலையில் அறுபது வகை வண்டிகள் கிடைக்கும். ஆனால் அந்தப் ‘பொருந்தும் நிலையில்’ என்பதற்குள் நிறுவனத்தின் அமைப்பு முழுவதும் ஒளிந்திருக்கிறது. வண்டிவாரியாகக் குழு அமைத்திருக்கும் நிறுவனத்தில், 28 டன் வண்டிக் குழு தன் வண்டிக்கு ஏற்ற கேபின் தாங்கியையும் 40 டன் வண்டிக் குழு தனக்கு ஏற்ற தாங்கியையும் தனித்தனியே வரைந்துகொள்ளும். இரண்டும் தத்தம் வண்டிக்கு மிகச் சிறந்தவையாக இருக்கும். மூன்றே ஆண்டுகளில் ஒரே வேலைக்கு ஒன்பது தாங்கிகள் கிடங்கில் குவியும். கூறுவாரியாகக் குழு அமைத்தால், கேபின் குழு ஒன்றே எல்லா வண்டிகளுக்கும் கேபின் தருவதால் இக்குவியல் தோன்றாது. ஆயின் 28 டன் வண்டி வாங்குபவரின் குறையைக் கேட்க ஒருவரும் இரார். ஆகவே இத்தகைய தளத்துக்கு மாறும் நிறுவனம் கூறுக் குழுக்களை நிலையாக வைத்து, அவற்றுக்குக் குறுக்கே வண்டிவாரிப் பொறுப்பாளர்களை நிறுத்தி, இருவருக்கும் பூசல் எழும்போது தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை இணைப்பிடங்களைக் காக்கும் ஒரு சிறு குழுவுக்குத் தருவது வழக்கம். அச்சிறு குழுவுக்குத் தயாரிக்க எந்த உறுப்பும் இல்லை என்பதால், செலவைக் குறைக்கும் காலங்களில் முதலில் கலைக்கப்படுவது அதுவே. இது பெரும் பிழை.

இணைப்பிடத்தை எவரும் பேசாமல் விட்டுவிடுவதைக் கண்டறிய ஒரு கருவியும் உண்டு. பொருளின் எல்லா உறுப்புகளையும் கட்டத்தின் இடப்பக்கம் வரிசையாகவும் மேலே அதே வரிசையிலும் எழுதி, எது எதைச் சார்ந்தது என்பதைக் கட்டங்களில் குறிக்கும் சார்பு அட்டவணையை டொனால்ட் ஸ்டுவர்ட் 1981-இல் முன்வைத்தார். மனுவேல் சோசா, ஸ்டீவன் எப்பிங்கர், கிரேக் ரோல்ஸ் ஆகியோர் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் பிடபிள்யூ 4098 விமான எஞ்சினுக்கு இவ்வட்டவணையை வரைந்து, அதன் 54 உறுப்புகளைச் செய்த குழுக்கள் உண்மையில் எவரோடு எவர் பேசினர் என்பதை மற்றோர் அட்டவணையில் பதிந்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தனர். 2004-இல் வெளியான அவ்வாய்வு, பேசியிருக்க வேண்டிய இடத்தில் பேசாமல் விட்டவை பெரும்பாலும் ஒரு பெருந்தொகுதியின் எல்லையைத் தாண்டிச் செல்லும் இணைப்பிடங்களே என்று காட்டியது. தன் அறைக்குள் இருப்பவரோடு பேச எவரையும் ஏவ வேண்டியதில்லை. சுவருக்கு அப்பால் இருப்பவரோடு பேசவே கட்டளையும் நேரமும் தேவைப்படுகின்றன. போயிங் 787 விமானத்தின் பகுதிகளைப் பல நாட்டு நிறுவனங்களிடம் பிரித்துத் தந்த பின்னர், அவை ஒன்று சேரும் இடத்தில் சிக்கல் எழுந்து, 2008-இல் தர வேண்டிய முதல் விமானம் 2011-இல்தான் தரப்பட்டது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

தமிழ்நாட்டில் இவ்வினா இனி மின்பேருந்தின் வடிவில் எழும். சென்னை வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 2025 ஜூன் இறுதியில் 120 தாழ்தள மின்பேருந்துகள் இயங்கத் தொடங்கின. எஞ்சினும் கியர் பெட்டியும் நீண்ட இரும்புச் சட்டமும் இல்லாத வண்டியில், சேஸிஸ் எங்கே முடிகிறது, பாடி எங்கே தொடங்குகிறது என்று பழைய இடத்தில் கோடு கிழிக்க முடியாது. பேட்டரியைக் கூரையில் வைப்பதா, தரைக்கு அடியில் வைப்பதா என்பதே பாடியின் தூண்கள் தாங்க வேண்டிய எடையையும் தரையின் உயரத்தையும் முடிவு செய்கிறது. பேட்டரியைக் குளிர்விக்கும் குழாயும் பயணிகளுக்கான குளிர்சாதனமும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. முழு வண்டியையும் ஒரே நிறுவனம் செய்துவிடுவது இதற்கு ஒரு விடை. பெரிய நிறுவனங்கள் அவ்வழியே செல்கின்றன. மாறாக, பேட்டரிப் பெட்டியின் அளவு, பிணைப்பு, மின்னிணைப்பு, குளிர்விப்பு ஆகியவற்றுக்கு எல்லா நிறுவனங்களும் ஏற்கும் புதிய இணைப்பிடம் ஒன்றை வகுத்தால், கரூர்ப் பட்டறைகளுக்கு மீண்டும் ஒரு வாசல் திறக்கும். பேருந்து பாடிகளின் கட்டுமானத்துக்கும் பாதுகாப்புக்கும் ஏஐஎஸ் 052 என்னும் விதித்தொகுப்பு வகுக்கப்பட்டபோது எல்லாப் பட்டறைகளுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று அமைந்தது. அதைப்போன்றே இதற்கும் வாகன ஆராய்ச்சி நிறுவனங்களும் சேஸிஸ் ஆலைகளும் பாடி கட்டுவோர் சங்கங்களும் ஒரே மேசையில் அமர வேண்டியிருக்கும். வண்டிகளை வாங்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் அம்மேசையில் இடம்பெற வேண்டும். தரை உயரத்தைப் பற்றிய முறையீடு வந்து சேரும் அலுவலகம் அவற்றுடையதே.